வீட்டுக்குள் எத்தனை முகவரிகள்?

முகவரி இல்லாதவனுக்குக் கடிதம் வராது என்பது தபாற்காரர் காலத்து நியதி. கடிதங்கள் அருகிவிட்ட இந்நாளிலும் அந்நியதி மாறிவிடவில்லை. வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் சிறு விளக்குகள் மின்ன அமர்ந்திருக்கும் ரவுட்டர் என்னும் பெட்டி, இரவு பகலாகச் செய்துகொண்டிருப்பது தபாற்காரரின் வேலையைத்தான். இணையத்திலிருந்து வந்துசேரும் ஒவ்வொரு தகவற் பொதியையும் மகனின் தொலைபேசிக்கா, மகளின் மடிக்கணினிக்கா, சுவரில் மாட்டிய தொலைக்காட்சிக்கா என்று பிரித்து உரியவரிடம் சேர்ப்பிக்கின்றது. அவ்வாறு சேர்ப்பிப்பதற்கு வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி இருந்தாக வேண்டும். அம்முகவரியை வழங்குவது யார், எவ்வளவு காலத்துக்கு வழங்குகிறார், அது மாறினால் என்ன நேரும் என்பன குறித்து நம்மில் பெரும்பாலானோர் சிந்திப்பதில்லை. ஏதேனும் ஒரு கருவி பேசாமல் நின்றுவிடும்போதுதான் சிந்திக்கத் தொடங்குகிறோம்.

வில்கமுவவில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றான வில்கமுவ, மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், 1984இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவவை அண்டி அமைந்திருக்கின்றது. யானைகளின் நடமாட்டமும் வயலும் காடும் கலந்த பிரதேசம் அது. குடும்பத் தலைவர் மத்திய கிழக்கில் தொழில் புரிகிறார். வீட்டில் வயது முதிர்ந்த தாய், மனைவி, பாடசாலை செல்லும் பிள்ளைகள். முற்றத்திலும் பின்வளவிலுமாக நான்கு கமராக்கள், அவற்றின் காட்சிகளைச் சேமிக்கும் பதிவுக் கருவி ஒன்று, பிள்ளைகளின் பயிற்சித் தாள்களை அச்சிடும் அச்சுப்பொறி ஒன்று, தொலைபேசிகள் நான்கு, தொலைக்காட்சி ஒன்று. இரவில் நாய் குரைத்தால் கதவைத் திறந்து வெளியே இறங்காமல், வளவுக்குள் நிற்பது யானையா அன்றி அயலவரின் மாடா என்பதைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம். தந்தையும் கடல் கடந்து இருந்தவாறே தம் தாயார் வாசலில் அமர்ந்திருப்பதைக் காண்கிறார். அந்த வீட்டைப் பொறுத்தவரை இது ஆடம்பரமன்று.

ஒரு நாள் மாலை இடிமுழக்கத்துடன் மின்சாரம் தடைப்படுகின்றது. ஒரு மணிநேரத்தின் பின்னர் மின்சாரம் மீள்கிறது, இணையமும் மீள்கிறது. ஆனால், நான்கு கமராக்களுள் இரண்டு இருண்டு கிடக்கின்றன. அச்சுப்பொறியும் பதிலளிக்க மறுக்கின்றது. கருவிகள் பழுதாகிவிட்டன என்று எண்ணி நகரத்திலிருந்து தொழினுட்பவியலாளர் ஒருவரை அழைக்கிறார்கள். அவர் வருவதற்கு இரண்டு நாட்கள் ஆகின்றன, போக்குவரத்துச் செலவு வேறு. வந்தவர் எதையும் கழற்றாமல் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டுச் செல்கிறார். அடுத்த மின்தடையின் பின்னர் அதே கதை மீண்டும் நிகழ்கின்றது. இத்தகைய சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் பழுதானது கருவி அன்று. முகவரிதான் இடம் மாறிவிட்டது.

இதனைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. இன்றும் பரவலாகப் பாவனையிலுள்ள இணைய முகவரி முறை 1981இல் வரையறுக்கப்பட்டது. புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இவ்வாறு ஆக்கக்கூடிய மொத்த முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் மாத்திரம் கணினிகள் இருந்த அக்காலத்தில் இத்தொகை வற்றாத கடலாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால், பத்தாண்டுகளுக்குள்ளேயே தட்டுப்பாட்டின் அறிகுறிகள் தென்படலாயின. அதற்குக் கண்ட தற்காலிகப் பரிகாரங்களுள் ஒன்றே, 1996 பெப்ரவரியில் இறுதி வடிவம் பெற்ற தனியார் முகவரி ஏற்பாடு. 10 என்று தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரை தொடங்குவன, 192.168 என்று தொடங்குவன ஆகிய மூன்று தொகுதிகளும் பொது இணையத்தில் செல்லுபடியாகாதவையாக ஒதுக்கப்பட்டன. எவரும் எவரிடமும் அனுமதி பெறாமல் தத்தம் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

வில்கமுவ வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டிலும் அதே எண் இருக்கலாம். இட்டாப்பில் முதலாம் இலக்க மாணவன் எல்லா வகுப்பிலும் இருப்பதைப் போன்றது இது. வகுப்புக்குள் குழப்பமில்லை, வகுப்புக்கு வெளியே அந்த இலக்கத்துக்குப் பொருளுமில்லை. வெளியுலகுக்கு வீடு முழுவதும் ஒரே முகவரியுடன்தான் தோன்றும். உள்ளே உள்ள இலக்கங்களை அந்த ஒற்றை வெளி முகவரியாக மாற்றியும், திரும்பி வருவதைப் பிரித்தும் கொடுப்பது ரவுட்டரின் பொறுப்பு.

க.பொ.த. உயர்தரத்தில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர்கள் இவற்றையெல்லாம் பாடமாகப் படிக்கிறார்கள். முகவரியின் எப்பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது, எப்பகுதி கருவியைக் குறிக்கிறது என்று பிரித்துக் கணக்கும் செய்கிறார்கள். ஆனால், பரீட்சையில் அக்கணக்கைச் செய்யும் மாணவி, தன் வீட்டு அச்சுப்பொறி ஏன் மௌனமாகிவிட்டது என்பதற்கு விடை காண அதே கணக்கைப் பயன்படுத்தலாம் என்பதை எவரும் அவளுக்குச் சொல்வதில்லை. அது நமது கல்வி முறையின் பழைய குறை. அதை இங்கு விரிப்பது பொருத்தமன்று.

வீட்டு வலையமைப்பில் பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் பொதுவானவை. நான்காவது எண்ணே கருவிக்குக் கருவி வேறுபடும். அந்த எண்ணில் 0, 255 ஆகிய இரண்டையும் கருவிகளுக்கு வழங்குவதில்லை. எஞ்சியுள்ள 254இல் ஒன்றை, வழமையாக 1ஐ, ரவுட்டரே வைத்துக்கொள்ளும். மீதி 253 முகவரிகளை வீட்டுக் கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கலாம். ஒரு வீட்டுக்கு இது தாராளம்.

பகிர்ந்தளிப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கருவிக்கு நாமே ஒரு முகவரியை எழுதிக் கொடுத்துவிடுவது. அது நிலையான முகவரி. மற்றையது, வலையமைப்புடன் இணையும்போது ரவுட்டரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ள விடுவது. அது மாறும் முகவரி. பள்ளிவாசலில் ஜும்ஆ தினத்தன்று முந்தி வருபவர் முன்வரிசையில் அமர்வார். அடுத்த வாரம் அவ்விடம் வேறொருவருக்கு உரியதாகலாம். ஆனால், இமாம் நிற்கும் இடம் மிஹ்ராப் என்பது எவ்வாரமும் மாறாது. கோயிலிலும் மூலவர் கருவறையில் நிலைபெற்றிருக்க, உற்சவர் வீதி வலம் வருகிறார். மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவைக் கண்டவர்களுக்கு இந்த வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் தேடி வர வேண்டியவருக்கு நிலையான இடமும், தாமே தேடிச் செல்பவருக்கு மாறும் இடமும் போதுமானவை. தொலைபேசி தானாகவே வெளியே சென்று வேண்டியதைத் தேடிப் பெறுவது. ஆகவே, அதன் முகவரி இன்று 104ஆகவும் நாளை 117ஆகவும் இருப்பதால் நட்டம் எதுவுமில்லை. அச்சுப்பொறியும் கமராவும் பதிவுக் கருவியும் பிறரால் தேடப்படுபவை. அவற்றின் முகவரி மாறினால் தேடுபவர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான்.

மாறும் முகவரியை வழங்கும் ஒழுங்குக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1993 ஒக்டோபரில் முதன்முதலாக வெளியிடப்பட்ட இந்நெறிமுறை, 1997 மார்ச்சில் திருத்தப்பட்டு இன்றுவரை நிலைத்திருக்கின்றது. அமெரிக்கக் கணினியியலாளர் ரால்ஃப் ட்ரோம்ஸ் அதன் ஆசிரியர். நடைமுறை மிக எளிமையானது. புதிதாக வந்த கருவி, 'இங்கே முகவரி வழங்குபவர் எவரேனும் உண்டா?' என்று எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்கும். ரவுட்டர், 'இன்ன முகவரி உள்ளது, வேண்டுமா?' என்று வினவும். கருவி, 'அதையே எடுத்துக்கொள்கிறேன்' என்று கோரும். ரவுட்டர், 'சரி, இத்தனை மணிநேரத்துக்கு அது உனக்குரியது' என்று உறுதிப்படுத்தும்.

இறுதி வார்த்தையில்தான் சூட்சுமம் இருக்கின்றது. முகவரி தானமாகக் கொடுக்கப்படுவதில்லை, குத்தகைக்கே கொடுக்கப்படுகின்றது. காணிக் குத்தகைக்குத் தவணை இருப்பது போன்று இதற்கும் தவணை உண்டு. தவணையின் பாதி கழிந்ததும் கருவி சத்தமின்றிப் புதுப்பிக்க முயலும். கிட்டாவிட்டால் எட்டில் ஏழு பங்கு கழிந்த நிலையில் எவரிடமாவது கிடைக்குமா என்று மீண்டும் முயலும். அதுவும் கைகூடாவிடின், தவணை முடிவில் முகவரியைக் கைவிட வேண்டும். மின்சாரம் தடையின்றி இருக்கும்வரை ஒரே கருவி ஒரே முகவரியைப் புதுப்பித்துக்கொண்டே மாதக் கணக்கில் ஓட்டிவிடும். அதனாலேயே மாறும் முகவரியை நிலையானது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

அந்த நம்பிக்கையைக் குலைப்பது மின்தடை. வீட்டுப் பாவனைக்கான மலிவு ரவுட்டர்களுள் பல, யாருக்கு எந்த முகவரியைக் குத்தகைக்குக் கொடுத்தோம் என்ற பதிவேட்டைத் தற்காலிக நினைவகத்திலேயே வைத்திருக்கின்றன. மின்சாரம் போனதும் பதிவேடு அழிந்துவிடுகின்றது. மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்தெழுந்து முகவரி கேட்கின்றன. ஒழுங்கான கருவிகள், 'முன்பு எனக்கு இன்ன முகவரி இருந்தது, அதையே தாருங்கள்' என்று கேட்கும். பழையதை மறந்துவிட்ட கருவிக்குக் கிடைத்ததே முகவரி. இவற்றுக்கிடையே இன்னொரு சிக்கலும் உண்டு. ரவுட்டர் முழுமையாக இயங்கத் தொடங்க ஓரிரு நிமிடங்கள் எடுக்கும். அதற்கு முன்னரே விழித்துவிட்ட கருவி, கேட்டும் பதில் வராத நிலையில் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால், 'இந்தக் கருவி கேட்டது, யாரும் கொடுக்கவில்லை' என்று பொருள் கொள்ள வேண்டும். பெரும்பாலும் அக்கருவியை ஒருமுறை நிறுத்தி இயக்கினாலே போதும்.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமுலில் இருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் கூறியது உலகச் செய்தியாயிற்று. நம் நாட்டில் வீட்டு வலையமைப்பை அமைப்பவர், மின்சாரம் போய்வரும் என்ற எடுகோளிலிருந்தே தொடங்க வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகளில் இவ்விடயம் அத்தனை அழுத்தமாகச் சொல்லப்படுவதில்லை.

'அப்படியானால் எல்லாக் கருவிகளுக்கும் நிலையான முகவரியை எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது அல்லவா?' என்று கேட்கத் தோன்றும். நமது ஊர்களில் கமரா பொருத்துபவர்கள் பலர் செய்வதும் இதுவே. ஆனால், புதிய சிக்கல் ஒன்று அங்குதான் உருவாகின்றது. ரவுட்டர் குத்தகைக்கு விடும் முகவரிகளுக்கு ஓர் எல்லை உண்டு. 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று வைத்துக்கொள்வோம். கமரா பொருத்த வந்தவர் அவ்வெல்லையைப் பாராமல், கமராவில் 192.168.1.105 என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். ரவுட்டருக்கு அது தெரியாது. கமரா இயங்கிக்கொண்டிருக்கும்போது, கவனமான ரவுட்டராயின் அம்முகவரியில் எவரேனும் இருக்கிறார்களா என்று தட்டிப் பார்த்துவிட்டு விலகிச் செல்லும். கமரா நின்றிருந்த வேளையில் தட்டிப் பார்த்தால் பதில் வராது. உடனே 105ஐ வீட்டுக்கு வந்த விருந்தினரின் தொலைபேசிக்குக் கொடுத்துவிடும். பின்னர் கமரா விழித்தெழும். ஒரே முகவரியில் இருவர். தபாற்காரர் சிலவேளை இவரிடமும் சிலவேளை அவரிடமும் கடிதத்தைக் கொடுப்பார். காட்சி வரும், போகும், நடுங்கும். விருந்தினர் விடைபெற்றதும் கமரா தானாகவே குணமடைந்துவிடும். கருவியில் கோளாறு என்று நினைத்துப் புதிய கமரா வாங்கியவர்களும் உண்டு.

ஆகவே, நிலையான முகவரி எழுதுவதாயின் குத்தகை எல்லைக்கு வெளியே எழுத வேண்டும் என்பது முதல் விதி. மேற்கண்ட உதாரணத்தில் 2 முதல் 99 வரையான எண்கள் அதற்கென்றே காலியாக இருக்கின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இவ்வெல்லையின் தொடக்கமும் முடிவும் வெளிப்படையாகவே காணப்படும்.

எனினும், நாம் இதைவிடச் சிறந்ததாகக் கருதுவது மூன்றாவது வழியை. கருவியில் எதையும் எழுதாமல், ரவுட்டரிலேயே, 'இக்கருவி எப்போது வந்து கேட்டாலும் இம்முகவரியையே கொடு' என்று குறித்து வைத்துவிடுவது. முகவரி ஒதுக்கீடு என்று இதனைச் சொல்லலாம். ஒவ்வொரு கருவிக்கும் உற்பத்தியின்போதே வழங்கப்படும் 12 இலக்க அடையாளம் ஒன்று உண்டு. எண்களும் 'ஏ' முதல் 'எஃப்' வரையான ஆங்கில எழுத்துகளும் கலந்த அதனை மெக் முகவரி என்பர். கருவியின் பின்புறத்திலோ பெட்டியிலோ ஒட்டப்பட்டிருக்கும். அது தேசிய அடையாள அட்டை இலக்கம் போன்றது, வீடு மாறினாலும் மாறாது. ரவுட்டர் அந்த அடையாளத்தைப் பார்த்து உரிய முகவரியைத் தரும். கருவியைப் பொறுத்தவரை அது கேட்டுப் பெற்ற முகவரி, வீட்டைப் பொறுத்தவரை அது நிலையான முகவரி. ஒதுக்கீட்டு விபரம் ரவுட்டரின் நிரந்தர நினைவகத்தில் எழுதப்படுவதால் மின்தடையால் அழிவதுமில்லை. எல்லா விபரங்களும் ஒரே இடத்தில் இருப்பதால், ஒரு முகவரி இருவருக்குப் போய்விடும் ஆபத்தும் குறைவு. அச்சுப்பொறி, கமராக்கள், பதிவுக் கருவி ஆகியவற்றுக்கு இவ்வாறு ஒதுக்கிவிட்டு, தொலைபேசிகளையும் மடிக்கணினிகளையும் அவற்றின் போக்கில் விட்டுவிடலாம். ஒரு வீட்டுக்கு ஐந்தாறு ஒதுக்கீடுகளுக்கு மேல் தேவைப்படுவது அரிது.

பெரிய வீடுகளிலும், தாய் வீட்டோடு சேர்த்துக் கட்டிய மகளின் வீட்டிலும் அடிக்கடி காணப்படும் தவறொன்றையும் இங்கு குறிப்பிட வேண்டும். அலைவரிசை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து இரண்டாவதாக இணைத்துவிடுகிறார்கள். அதுவும் ரவுட்டர்தானே? ஆகவே, அதுவும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். ஓர் உறையில் இரு வாள்கள். ஒன்று கொடுத்த முகவரியை மற்றது அறியாது. இரண்டாவது பெட்டியில் டி.எச்.சி.பி. சேவையை நிறுத்தி, அதற்கு முதலாவது ரவுட்டரின் குத்தகை எல்லைக்கு வெளியே ஒரு நிலையான முகவரியைக் கொடுத்து, இரண்டையும் சாதாரண இணைப்புத் துளைகளின் வழியே தொடுத்துவிட்டால் அது அலைபரப்பும் பெட்டியாக மாத்திரம் அமைதியாகப் பணிபுரியும்.

தொலைபேசிகள் தொடர்பில் அண்மைக் காலத்தில் ஏற்பட்ட மாற்றம் ஒன்று பெற்றோரைக் குழப்பத்தில் ஆழ்த்தியுள்ளது. 2019இல் வெளியான அண்ட்ரொயிட் 10, 2020இல் வெளியான ஐ.ஓ.எஸ். 14 ஆகியவற்றிலிருந்து தொலைபேசிகள் தமது உண்மையான மெக் முகவரியைக் காட்டாமல், ஒவ்வொரு வைஃபை வலையமைப்புக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டத் தொடங்கின. கடைத்தெருவிலும் பேருந்து நிலையத்திலும் நம்மைப் பின்தொடர்ந்து கணக்கெடுப்பவர்களிடமிருந்து தப்புவதற்கான ஏற்பாடு இது, வரவேற்கத்தக்கதே. ஆனால், சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது மகனின் தொலைபேசிக்கு இரவு பத்து மணிக்கு மேல் இணையம் கிடைக்காதபடி ரவுட்டரில் தடை போட்டிருந்த தாய், தடை செயலற்றுப் போனதைக் கண்டு திகைக்கிறார். பெட்டியில் அச்சிட்டிருந்த இலக்கத்தை அவர் பதிந்திருப்பார், தொலைபேசியோ வேறு இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். வீட்டு வலையமைப்புக்கு மாத்திரம் அப்புனைமுகவரியை நிறுத்திவைக்கும் தெரிவு தொலைபேசியிலேயே உள்ளது. அதனை மீண்டும் இயக்கத் தெரிந்த மகனுக்கு எந்த ரவுட்டரும் தடையாகாது என்பது வேறு விடயம்.

இனி, கடல் கடந்து இருக்கும் தந்தையின் பக்கம் வருவோம். வீட்டுக்குள் முகவரிகளை ஒழுங்கு செய்துவிட்ட மாத்திரத்தில் அவர் வெளியிலிருந்து கமராவைக் கண்டுவிட முடியாது. வீட்டின் வெளி முகவரியும் மாறிக்கொண்டே இருப்பதுதான். அதை வழங்குவது இணையச் சேவை நிறுவனம். அதுவும் குத்தகைதான். உலகளாவிய களஞ்சியத்தில் எஞ்சியிருந்த முகவரித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3ஆம் திகதி பகிர்ந்தளித்து முடிக்கப்பட்டன. இலங்கை உள்ளிட்ட ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி இறுதித் தொகுதியைத் தொட்டு, பங்கீட்டு முறைக்கு மாறிற்று. கூப்பன் கடைப் பாண் போல அளந்து கொடுக்கும் நிலை உருவானது. எனவே, நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக்கின. இதற்கென 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் தொகுதி ஒதுக்கப்பட்டது. செப்புக் கம்பியோ ஒளியிழையோ எட்டாத கிராமங்களில் கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு வழியாக வரும் இணைப்புகளில் இது வழமை. 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்கின் சாதாரண வீட்டு இணைப்புகளிலும் இதே ஏற்பாடுதான். ரவுட்டரின் பக்கத்தில் காணப்படும் வெளி முகவரியையும், 'என் முகவரி யாது?' என்று காட்டும் ஏதேனுமோர் இணையத்தளம் சொல்லும் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் வேறுபடின் நமது வீடு இவ்வாறு பொது முகவரிக்குள் அடங்கியிருக்கிறது என்று அறியலாம். அத்தகைய வீட்டில் ரவுட்டரில் வாசல் திறந்து வைத்துப் பயனில்லை. வெளி வாசல் நிறுவனத்தின் கையில் இருக்கின்றது.

வாசல் திறக்கக்கூடிய வீட்டுக்காரருக்கும் நாம் அதனைப் பரிந்துரைக்க மாட்டோம். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் பதிவுக் கருவிகளையும் உலகெங்கும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அக்டோபர் 21ஆம் திகதி அக்கருவிகளை ஏவியே அமெரிக்காவின் டின் என்ற நிறுவனத்தை முடக்கி, டுவிட்டர் உட்பட பெருந்தளங்கள் பலவற்றைச் சில மணிநேரம் செயலிழக்கச் செய்தார்கள். தன் முற்றத்துக் கமரா அத்தாக்குதலில் பங்கேற்றது என்பதை அதன் சொந்தக்காரர் அறிந்திருக்க மாட்டார். கமரா உற்பத்தியாளரின் செயலி வழியாகப் பார்ப்பது இதைவிடப் பாதுகாப்பானது. அங்கு கமராவே வெளியே சென்று தொடர்பை ஏற்படுத்திக்கொள்வதால் வெளி முகவரி மாறுவதும் பொதுவாக இருப்பதும் தடையாவதில்லை. ஆனால், வீட்டுக்குள்ளே பதிவுக் கருவி கமராவை முகவரி கொண்டு தேடும் அமைப்புகளில் உள் முகவரி நிலையாக இருந்தே ஆகவேண்டும். தந்தை பார்க்கும் திரை இருளும்போது குற்றவாளி பெரும்பாலும் வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறான்.

ஒரு முகவரிக்குள் பலர் அடங்கியிருப்பதில் வேறொரு பாரதூரமான விடயமும் பொதிந்துள்ளது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறைகள் வெடித்தபோது அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் முதலான தளங்களை முடக்கிற்று. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னரும் அவ்வாறே செய்தது. அன்றிலிருந்து இணையத்தில் எழுதப்பட்ட ஒரு வரி எவர் வாசலுக்கு எதனைக் கொண்டுவரும் என்ற அச்சம் சிறுபான்மைச் சமூகங்களிடம் குடிகொண்டிருக்கின்றது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இன்று நடைமுறையில் உள்ளன. விசாரணையாளரின் கையில் முதலில் கிடைக்கும் தடயங்களுள் ஒன்று வெளி முகவரி. அது ஒரு மனிதரின் பெயரன்று. அதிகபட்சம் ஒரு வீட்டின் வாசல். பொது முகவரி முறையில் அதுவுமன்று, பல வீடுகள் சேர்ந்த ஒரு தெருமுனை மாத்திரமே. அவற்றுள் ஒரு வீட்டைப் பிரித்தறிய வேண்டுமாயின் இணைப்புத் துளையின் எண்ணும் வினாடி பிசகாத நேரமும் தேவை. அத்துளை எண்ணையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 2011இலேயே இணையத் தரநிலை வகுப்போர் பரிந்துரை செய்துள்ளனர். நேரக் குறிப்பு கிறீன்விச் நேரத்திலா இலங்கை நேரத்திலா என்பதைக் கவனியாவிடின் ஐந்தரை மணிநேர வித்தியாசத்தில் முகவரி வேறொருவர் கைக்கு மாறியிருக்கும். சட்டத்தரணிகள் இதனை அறிந்து வைத்திருத்தல் அவசியம்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பெருநாள் தினங்களில் வந்துபோகும் உறவினரும், திருமண வீட்டுக்கு வந்த அயலவரும் கடவுச்சொல் கேட்பார்கள். மறுப்பது நமது பண்பாடன்று. பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினருக்கெனத் தனி வலையமைப்பொன்றை வேறு பெயரில், வேறு கடவுச்சொல்லுடன் இயக்கலாம். அதில் இணைவோருக்கு இணையம் கிடைக்கும். வீட்டுக் கமராக்களும் அச்சுப்பொறியும் அவர்கள் கண்ணுக்குப் புலப்படா. விருந்து முடிந்ததும் அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். வீட்டாரின் கருவிகளை அது பாதிக்காது. ஆனால், வெளி முகவரி இரண்டுக்கும் ஒன்றே. விருந்தினர் எழுதியதும் நம் வாசலிலிருந்து எழுதியதாகவே பதிவாகும். அன்று யார் வந்தார்கள் என்பதை நினைவில் வைத்திருப்பது எந்த ரவுட்டரும் செய்யாத வேலை.

128 பிட் நீளமுள்ள புதிய முகவரி முறை 1998 முதல் ஆவணமாக இருக்கின்றது. அதில் தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒவ்வொரு கருவிக்கும் உலகம் அறிந்த தனி முகவரி கிடைக்கும். எனினும், வீட்டுக் கமராக்களும் பழைய பதிவுக் கருவிகளும் இன்னும் நான்கு எண் முகவரியையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அவை வீட்டில் இருக்கும்வரை மேற்சொன்ன ஒழுங்குகளின் தேவையும் இருக்கும்.

எல்லாவற்றையும் செய்து முடித்தவர் ஒரு தாளில், கருவியின் பெயர், அது பொருத்தப்பட்ட இடம், 12 இலக்க அடையாளம், ஒதுக்கிய முகவரி ஆகியவற்றை எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது நல்லது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் வேளைகளில் மின்னல் வெட்டும் பிரதேசங்களில் ரவுட்டர்கள் கருகிப் போவது புதினமன்று. பழைய பெட்டியோடு ஒதுக்கீடுகளும் போய்விடும். அதற்குப் பதிலாக வாங்கி வரும் புதிய பெட்டி வேறு நிறுவனத்தினதாயின், 192.168.1 என்பதற்குப் பதிலாக 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கக்கூடும். கருவிகளுக்குள்ளேயே நிலையான முகவரி எழுதியிருந்தால் அவை அனைத்தும் அன்றே அநாதைகளாகிவிடும். கூரையோரத்துக் கமரா ஒவ்வொன்றிலும் நுழைந்து திருத்தியாக வேண்டும். ஒதுக்கீட்டு முறையில் இருந்த கருவிகளோ வழமைபோல் கேட்டுப் புதிய முகவரியைப் பெற்றுக்கொள்ளும். தாளைப் பார்த்து ஐந்தாறு வரிகளைப் புதிய பெட்டியில் பதிந்து, பதிவுக் கருவியில் கமராக்களின் புதிய எண்களைத் திருத்திவிட்டால், நகரத்திலிருந்து எவரையும் அழைக்காமல் அன்றிரவே முற்றம் திரையில் தெரியும். புதிய பெட்டியில் முதலாவது எண்ணை 192.168.1.1 என்று மாற்றிவிட்டுத் தொடங்கினால் அந்த இறுதித் திருத்தமும் தேவைப்படாது.